கொலைவெறிப் பாட்டு பிறந்த கதை

தன்னைத்தானே கேலி செய்துகொண்டு பாடுவது நமக்குப் புதுசல்ல. 1959-ல் 'சகோதரி' படத்தில் 'நான் ஒரு முட்டாளுங்க' என்று கண்ணதாசன் எழுதிக் கொடுக்க, சந்திரபாபு பாடி ஆடியது நம் வயசுக்காரர்களுக்கு மறக்காது. அதே வழியில் வந்ததுதான் 2011-ன் 'ஒய் திஸ் கொலைவெறி டி'.

'3' படத்தின் இயக்குநர் ஐஸ்வர்யா, காதலில் தோற்ற பையனுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார். இசையமைத்த அனிருத்துக்கு அதுதான் முதல் படம். இருபதைத் தாண்டியிருந்தால் அதிகம். மெட்டு சில நிமிஷத்தில் வந்துவிட்டதாம். தனுஷ் உட்கார்ந்து வாய்க்கு வந்த ஆங்கிலத்தைப் போட்டு அரை மணிக்குள் முடித்துவிட்டார். அரைகுறை வடிவம் இணையத்தில் கசிந்துவிடவே, நவம்பர் 16-ந்தேதி ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த படத்தோடு முறையாக வெளியிட்டார்கள். அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. டிசம்பரில் ஜப்பான் பிரதமருக்கு மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்கு தனுஷுக்கும் அழைப்பு போனது!

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடக்கே போர் போடப் போயிருந்த என் தம்பி மகன் போனில், "பெரியப்பா, இங்க இந்திக்காரனுங்க எல்லாம் நம்ம பாட்டத்தான் பாடறானுங்க" என்றான்.

தமிழைக் கொன்றுவிட்டார்கள் என்று நம்மில் பலர் கோபப்பட்டார்கள். நான் முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவன். என் காதுக்கு அது வேறு மாதிரி கேட்டது. ராசிபுரம் பக்கத்துத் தமிழ்வழிப் பையன்கள் பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்ததும் முதலில் வாயடைத்துப் போவது ஆங்கிலத்தில்தான். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள் என்று வாயே திறக்க மாட்டார்கள். அந்தப் பயலின் ஆங்கிலத்தை ஒரு கதாநாயகன் கூச்சமில்லாமல் பாடினார். சேலம் நாமக்கல் பஸ்ஸில் பையன்கள் அதைக் கத்திப் பாடிக்கொண்டு வந்தபோது நான் ஒரு பிழையும் திருத்தவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பெண் வெளுப்பு, மனசு கறுப்பு என்று பழியை முழுக்க அவள் தலையில் போட்டது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கும் உரிமை உண்டல்லவா?

படம் 2012 மார்ச் 30-ல் வந்தது. பாட்டை நம்பிச் சிரிக்கப் போனவர்கள், மனநோயில் சிக்கித் தன்னையே மாய்த்துக்கொள்ளும் ஒருவனின் கதையைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.