பாப் பரிசோதனை பிறந்த வரலாறு

கருப்பை வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு, உடலுறவுக்குப் பின் இரத்தக் கசிவு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை தெரியும்போது நோய் பல வேளைகளில் முற்றியிருக்கும். இந்நிலையை மாற்றியவர் 1883-இல் கிரேக்கத்தில் பிறந்த ஜார்ஜ் பாப்பனிகொலாவ். நியூயார்க்கில் கினிப்பன்றிகளை ஆராய்ந்துவந்த அவர், பின்னர் பெண்களின் யோனிக் கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். பல்லாண்டுகள் தம் உடலிலிருந்தே மாதிரி அளித்தவர் அவருடைய மனைவி ஆந்திரோமாக்கி. பரிசோதனையின் பெயரில் பாதி அவருக்கு உரியது என்பேன்.

1928-இல் கசிவில் புற்றணுக்களைக் கண்டதாக அறிவித்தபோது மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. திசுவை வெட்டிச் சோதிக்கும் முறை இருக்க இது எதற்கு என்று எண்ணினர். ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து 1941-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே இம்முறை பரவலாயிற்று. அறிகுறி தோன்றுமுன்பே அணுக்களின் மாற்றத்தை இது காட்டிவிடும். ஏற்கெனவே இரத்தக் கசிவு உள்ளவருக்கோ இது மட்டும் போதாது. திசுச் சோதனையும் தேவைப்படலாம்.