கணினியின் மூத்தவாப்பா தறிதான்

பதிவு கொஞ்சம் நீளம். தறி இருந்த வீட்டில் பிறந்தவர்களாவது கடைசிவரை வாசியுங்கள். மருதமுனையில் அப்படிப் பிறக்காதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

சென்ற வாரம் வகுப்பில் கைத்தொழிற் புரட்சி படிப்பித்துக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளை எழும்பி, "சேர், கம்பியூட்டர் முதல்ல எங்க வந்தது?" என்று கேட்டது. "உங்கட வீட்டுக் கொல்லையில விறகோட விறகாக் கிடக்குதே, அந்தச் சாமானில இருந்துதான் வந்தது" என்றோம். வகுப்பே சிரித்தது. நாங்கள் பகிடிக்குச் சொல்லவில்லை.

பிரான்ஸில் லியோன் என்றொரு நகரம், பட்டு நெசவுக்குப் பேர்போனது. பூவும் கொடியும் போட்ட பட்டு நெய்வதற்கு அங்கே ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாடா எறிவார். மற்றவர் பெரும்பாலும் ஒரு சிறுபிள்ளை. ஒவ்வோர் ஊடைக்கும் எந்தெந்தப் பாவு நூல் மேலே எழும்ப வேண்டுமோ, அதற்குரிய கயிறுகளைப் பிடித்து இழுப்பதுதான் அந்தப் பிள்ளையின் வேலை. ஒரு கயிறு பிழைத்தால் பூ பிழைத்துவிடும். ஜோசப் மரி ஜக்கார்ட் என்ற நெசவாளர் 1804 இல் அந்தப் பிள்ளைக்குப் பதிலாகத் துளையிட்ட அட்டைகளைத் தறிக்கு மேலே கொண்டுவந்தார். அட்டையில் துளை இருந்தால் கொக்கி நூலைத் தூக்கும், துளை இல்லாவிட்டால் நூல் கீழேயே கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கோர்த்து மாலையாகத் தொங்கவிட்டால் பூ தானாக விழும். அட்டை மாலையை மாற்றினால் வேறு பூ.

துளை உண்டு, துளை இல்லை. இன்றைக்குக் கணினி எழுதும் ஒன்றும் பூச்சியமும் இதே கணக்குத்தான். 1839 இல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள், அதற்குப் போன அட்டைகள் சுமார் 24,000. அந்தப் பட்டுப் படம் ஒன்றை இங்கிலாந்தில் சார்ள்ஸ் பபேஜ் வாங்கி வைத்திருந்தார். அவர் திட்டமிட்ட கணிக்கும் இயந்திரத்துக்கும் இதே அட்டைகளைத்தான் யோசித்தார். பிறகு அமெரிக்காவின் 1890 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை ஹெர்மன் ஹொலரித் துளை அட்டையால் எண்ணினார். அவருடைய கம்பனி வேறு கம்பனிகளோடு சேர்ந்து, 1924 இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. ஆகவே எமது வாப்பாமாரின் தொழிலுக்கும் மகனின் கையிலிருக்கும் போனுக்கும் உறவு உண்டு. தூரத்து உறவுதான், ஆனால் இரத்த உறவு.

இந்தக் கதையை இதோடு நிறுத்திவிட்டால் "புதிய கருவியை வாங்குங்கள், முன்னேறுங்கள்" என்று மேடையில் பேசுபவர்களுக்கு நல்ல வசதி. லியோனில் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும்.

உலகத்திலேயே திறமான தறி அவர்களிடம் இருந்தது. தறி நெசவாளருக்கே சொந்தம். ஆனால் பட்டு நூலையும் வடிவத்தையும் கொடுப்பவர் முதலாளி, நெய்த துணியை வாங்கி வெளியூருக்கு விற்பவரும் அவரே. பாரிஸில் யார் அந்தப் பட்டை உடுத்துகிறார், என்ன விலைக்கு வாங்குகிறார் என்பது நெய்தவருக்குத் தெரியாது. கூலி குறைந்துகொண்டே போனது. 1831 ஒக்டோபரில் குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் உடன்பாடு வந்தது. முதலாளிமார் சிலர் அதை ஏற்கவில்லை. நவம்பரில் நெசவாளர் எழும்பி நகரத்தையே பிடித்துவிட்டார்கள். அரசன் பட்டாளத்தை அனுப்பி நகரத்தை மீட்டான், கூலி உடன்பாடும் செல்லாமல் போனது. 1834 இல் திரும்பவும் எழும்பினார்கள், திரும்பவும் அடக்கப்பட்டார்கள்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எமக்கு எமதூர்தான் ஞாபகம் வரும்.

சிறிமாவோ அம்மையாரின் 1970 – 1977 ஆட்சியில் வெளிநாட்டுத் துணி வருவதற்குக் கடும் கட்டுப்பாடு. நாட்டில் நெய்ததைத்தான் நாடு உடுத்தியது. அந்தக் காலத்தைக் கண்ட மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சுபஹுக்கு எழும்பினால் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். சாரன், சாரி, படுக்கை விரிப்பு, எது நெய்தாலும் போகும். 1977 இல் ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். வெளிநாட்டுத் துணி மலிவு விலையில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. நாடு முழுவதும் கைத்தறி படுத்தது, எமதூரிலும் படுத்தது. பிறகு யுத்தம். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து எத்தனையோ உயிர்களோடு தறிகளையும் கொண்டுபோனது.

ஜே.ஆரைத் திட்டுவது சுலபம், நாங்களும் திட்டியிருக்கிறோம். ஆனால் அதே 1977, அதே திறந்த கதவு, அதே மலிவுத் துணி கொழும்பிலும் இருந்தது. அங்கே பார்பரா சன்சோனி 1964 இல் தொடங்கிய பெயார்புட் நிற்கிறது. கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையங்களுக்கு வர்ணமும் வடிவமும் கொடுக்கப் போனவர் அவர். கைத்தறித் துணியைத்தான் விற்றார்கள், விலையும் மலிவில்லை. ஆனால் தங்கள் துணியை யார் வாங்குகிறார், ஏன் வாங்குகிறார் என்பது கடைக்குத் தெரிந்திருந்தது. எமது வாப்பாமாருக்கோ பொருளை எடுத்துப்போகும் முதலாளியை மட்டும்தான் தெரியும். அவர் வராமல் விட்ட அன்றைக்கே தறியும் நின்றது.

2020 மார்ச் 20 இல் ஊரடங்கு போட்டபோது அதே கதை திரும்பவும் நடந்தது. எம்மிடம் படித்த ஒரு பிள்ளையின் வீட்டில் இரண்டு தறி. வழமையாக எடுப்பவர் வரவில்லை, 14 சாரி மடித்தபடி கிடந்தது. பிள்ளை போனில் படமெடுத்து இணையத்தில் ஒரு பக்கம் திறந்து போட்டாள். முதல் சாரி கண்டிக்குப் போய்த் திரும்பி வந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கரும்பச்சை கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. போன காசும் வந்த காசும் நட்டம். பிறகு காலை வெயிலில், திண்ணையில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்துப் படமெடுக்கப் பழகினாள். நீளம், அகலம், என்ன நூல், எப்படிக் கழுவுவது, எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினாள். சிங்களத்தில் எழுதத் தொடங்கிய பிறகுதான் விற்பனை கூடியது என்று அவளே சொன்னாள்.

நாங்கள் மெச்சுவது அந்தப் படத்தை இல்லை, அவளுடைய கொப்பியை. சாதாரண 80 பக்கக் கொப்பி. வாங்கியவரின் பெயர், தொலைபேசி இலக்கம், எந்த நிறம், எந்த விசேசத்துக்கு, என்ன குறை சொன்னார், எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு வருடம் எழுதிய பிறகு கொப்பி பேசத் தொடங்கியது. பாடசாலைத் தவணை தொடங்க முன்னர் ஆசிரியைகள் மெல்லிய கரை போட்ட வெளிர் நிறச் சாரி கேட்கிறார்கள். கடும் சிவப்பைக் கேட்பவர் குறைவு. அதன்படிதான் இப்போது பாவு ஓடுகிறது.

2022 இல் ரூபாய் விழுந்து நூல் விலை ஏறியபோது அவள் விலை கூட்டியதற்கான காரணத்தைக் கொப்பியில் இருந்த ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியாக வட்ஸ்அப்பில் அனுப்பினாள். பாதிப் பேர் நின்றார்கள். அந்த வருடம்தான் பெற்றோல் கியூவில் நின்று நாட்டில் எல்லோரும் க்யூஆர் பழகினோம். அதுவரை "அது படிச்ச ஆக்களுக்கு" என்றிருந்த எமதூர் ஆட்டோக்காரர்கள் ஒரு கிழமையில் பழகினார்கள். தேவை வந்தால் வயது ஒரு சாட்டே இல்லை என்பதை அன்றைக்குக் கண்டோம். இப்போது அவள் முற்பணத்தையும் க்யூஆரில்தான் வாங்குகிறாள்.

சென்ற வருடம் யாரோ கடவுச்சொல்லைக் களவெடுத்து அவளுடைய பக்கமே போய்விட்டது. ஆயிரக்கணக்கில் பின்தொடர்ந்தவர்கள் ஒரே இரவில் இல்லை. அழுதுகொண்டு வந்தாள். கொப்பி எங்கே என்று கேட்டோம். வீட்டில் இருந்தது. அடுத்த நாளே வாடிக்கையாளர்களுக்குப் புதிய பக்கத்தின் விபரம் போய்ச் சேர்ந்தது. பெரிய இணையக் கடைகளில் போட்டு விற்பவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே விற்பது நல்லதுதான், ஆள் கூட வரும். ஆனால் வாங்கியவர் அந்தக் கடையின் வாடிக்கையாளராகவே இருந்துவிடுவார். லியோன் முதலாளியின் வேலையை இன்றைக்கு அந்தக் கடை செய்கிறது. பொதிக்குள் உங்கள் பெயரும் இலக்கமும் எழுதிய ஒரு சிறு துண்டையாவது வைக்க முடியுமா என்று விதிகளைப் பாருங்கள். முடியாவிட்டால் உங்கள் திறமான நெசவை அங்கே போடாதீர்கள்.

மருதமுனையில் இன்னும் சில வீடுகளில் தறி ஓடுகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கவும், கொப்பியைக் கணினியில் ஏற்றவும், கடவுச்சொல்லைப் பாதுகாக்கவும் விடுமுறையில் சொல்லிக்கொடுக்க நாங்கள் ஆயத்தம். காசு வேண்டாம். வாப்பாவோ உம்மாவோ கூட வந்தால் நல்லது, நிறமும் நூலும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. 77 க்கு முந்திய நெசவுக் கணக்குக் கொப்பிகள் யாருடைய வீட்டுப் பெட்டகத்திலாவது கிடந்தால், பழைய பேப்பர்காரனுக்குக் கொடுக்க முதல் எங்களுக்கு ஒரு போன் எடுங்கள். அன்றைக்கு யார் என்ன வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும்.