ரொக்கெட் நிறுவன வேலையும் அகதி அந்தஸ்தும்

"அகதியை ரொக்கெட் கொம்பனியில் எடுப்பார்களா?" அமெரிக்காவில் புகலிடம் பெற்ற நம்மவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எடுக்கலாம், சட்டத்தில் தடை இல்லை.

ரொக்கெட் தொழில்நுட்பம் அங்கு ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. அதனால் வெளிநாட்டவரை வேலைக்கு எடுப்பது கடினம். ஆனால் அதே விதிகள் குடியுரிமை, நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களோடு, அகதியாக அனுமதிக்கப்பட்டவரையும் புகலிடம் வழங்கப்பட்டவரையும் சமமாகவே வைக்கின்றன. கோரிக்கை நிலுவையில் உள்ளவருக்கு இது பொருந்தாது. இராணுவ இரகசிய வேலைகளுக்குக் குடியுரிமை வேண்டும்.

ஸ்பேஸ் எக்ஸ் இவர்களை ஒதுக்கியதாக 2023 ஓகஸ்டில் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடுத்தது. பொறியியலாளர் மட்டுமல்ல, வெல்டர், பாரந்தூக்கி இயக்குபவர், சமையல்காரர் வேலைகளும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தன. குசினியில் என்ன ஆயுத இரகசியம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2025 இல் திணைக்களமே வழக்கைக் கைவிட்டது. விதி மாறவில்லை.