திருகோணமலைத் துறைமுகமும் முடிதிருத்தகக் கணக்கும்

ஈழத்துத் தமிழ்ச் சிற்றூர்களில் நாவிதருக்குத் தொழிற்றிட்டம் தேவைப்பட்டதில்லை. இன்ன குடும்பங்களுக்கு இன்னார் என்பது குடிமை முறையிற் பிறப்போடு முடிவாகியிருந்தது. கூலி பெரும்பாலும் அறுவடைக் காலத்து நெல்லாக வந்தது. மணவீட்டிலும் மரணவீட்டிலும் அவருக்குக் கடமைகளும் இருந்தன, உரிமைகளும் இருந்தன. விலகும் உரிமை மட்டும் இல்லை.

துறைமுகப் பட்டினத்தில் நிலைமை வேறு. 1795இல் திருகோணமலை ஆங்கிலேயர் வசமாயிற்று. படையாளும் மாலுமியும் சாதி வினவாது காசு கொடுக்கும் அந்நியர். நாற்காலி, நிலைக்கண்ணாடி, வாடகைக் கட்டடம் என்பவற்றோடு சலூன் தோன்றும்போதுதான் கணக்கும் தோன்றுகிறது: நாளொன்றுக்கு ஒரு நாற்காலியில் எத்தனை தலை? அவற்றுள் வாடகைக்கு எத்தனை, உதவியாளர் கூலிக்கு எத்தனை?

இக்கணக்கில் இடறுவது எளிது. பிரித்தானியக் கடற்படையில் அனுமதி பெற்றவன் தாடியும் மீசையும் சேர வளர்க்கலாம். மீசையை மட்டும் வைத்தல் ஆகாது. ஆகவே சவர வருவாய் பெருகும் என்று தோன்றும். ஆயின் 1904இல் கில்லெற் காப்புரிமை பெற்ற பாதுகாப்புச் சவரக்கத்தி முதலாம் உலகப் போரின்போது படையினரிடையே பரவிவிட்டது. எஞ்சியது முடிவெட்டே. அதிலும் பெருங்கப்பல்களில் முடிவெட்டத் தெரிந்தவர் கப்பலிலேயே இருப்பர். கப்பல் வந்த செய்தியை அப்படியே வரவாக எழுதுதல் பேதைமை.

1942 பெப்ருவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இத்துறைமுகத்தின் முதன்மை உயர்ந்தது. அவ்வாண்டு ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இதனைத் தாக்கின. 1944இற் கீழைக் கடற்படை மீண்டும் இங்கு திரண்டது. போர்க்காலத் தலைத்தொகையை நிலையானதெனக் கொண்டு வாடகை ஏற்றவன் பின்னர் வருந்தியிருப்பான். 1957 ஒற்றோபர் 15இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

இனி உள்ளூராரே வாடிக்கையாளர். அவர்களோடு சாதியும் கடைக்குள் வந்தது. யாழ்ப்பாணத்துச் சலூன்கள் பலவற்றில் தாழ்த்தப்பட்டோருக்கு முடிவெட்ட மறுக்கப்பட்டமை மறைக்கத்தக்க செய்தியன்று. மறுத்தவனும் சாதியால் ஒடுக்கப்பட்டவனே. ஒருவனை அமர்த்தினாற் பத்துப்பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவர் என்ற அச்சம் அவன் ஏட்டில் எழுதப்படாத செலவாக இருந்தது.

தளம் கைமாறிய அதே 1957இற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. துணிந்த ஒருவனை மட்டும் அது காக்கவில்லை. எல்லாக் கடைகளையும் ஒருங்கே கட்டியது. அடுத்த கடையும் மறுக்க முடியாதெனின் போகிறவர் எங்கே போவர்? ஏட்டளவில் அந்தச் செலவு நீங்கியது. நடைமுறையிற் சட்டம் மெலிந்தே கிடந்தது. 1971இல் திருத்தம் கொணர்ந்து தண்டனையைக் கடுமையாக்க வேண்டியதாயிற்று.