ஈசூன் செர்ரி மரம்: பழம் சுவைக்கலாம், கசாயத்தில் கவனம் தேவை

சிங்கப்பூரில் யாரும் நடாமலேயே வளரும் மரங்களில் ஒன்று செர்ரி மரம். ஈசூன் போன்ற வட்டாரங்களில் கால்வாய் ஓரமோ நடைபாதை வெடிப்போ கிடைத்தால் அதற்குப் போதும். பழம் தின்னும் பறவைகளும் வௌவால்களும் விதைகளைப் பரப்புகின்றன.

மலாய்க்காரர்கள் இதை ‘செரி கம்போங்’ என்பர். தமிழகத்தில் தேன்பழம், இலங்கையில் ஜாம் பழம். இதன் அறிவியல் பெயர் முன்டிங்கியா கலபுரா. கடைகளில் விற்கும் செர்ரிக்கும் இதற்கும் உறவில்லை. இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா.

அடையாளம்

கிளைகள் விசிறிபோலப் பரந்து தாழ்ந்திருக்கும். இலைகள் மென்மையான ரோமத்துடன் சற்றே ஒட்டும். ஐந்து இதழ் கொண்ட வெள்ளைப் பூ காலையில் மலரும். இதழ்கள் அன்றே உதிர்ந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள காய் பழுத்ததும் சிவக்கும். உள்ளே நுண்ணிய விதைகள் நிறைந்த இனிப்பான சதை இருக்கும். பழத்தில் வைட்டமின் சி உண்டு.

நாட்டு மருத்துவம்

பிலிப்பீன்சில் பூவை ஊறவைத்த நீரைத் தலைவலிக்கும் சளிக்கும் குடிப்பர். பெருவில் இலைக் கசாயத்தை வயிற்றுப் புண்ணுக்கும், பட்டை வேகவைத்த நீரைக் கால் வீக்கத்தைக் கழுவவும் பயன்படுத்துவர். இந்தோனீசியாவில் இலைக் கசாயத்தை நீரிழிவுக்குக் குடிப்போர் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்பதால் இதைப் பழைய சித்த மருத்துவ மூலிகையாகக் கருத முடியாது.

ஆய்வு சொல்வது

இலைச்சாறு வலி, வீக்கம், வயிற்றுப் புண் ஆகியவற்றைக் குறைப்பதாக மலேசியாவின் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆனால் அந்தச் சோதனைகள் எலிகளிடம் நடத்தப்பட்டவை. மனிதர் எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு அவை அளவுகோல் ஆகா.

கவனம்

நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு இலைக் கசாயத்தை நம்புவது ஆபத்து. மாத்திரையுடன் சேர்த்துக் குடித்தாலும் சர்க்கரை அளவு எதிர்பாராமல் இறங்கக்கூடும். குடிக்க விரும்புவோர் முதலில் பலதுறை மருந்தக மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்பது நல்லது. கர்ப்பிணிகள் தவிர்ப்பதே பாதுகாப்பு.

பொதுப் பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி இலை, பூ, பழம் பறிப்பது குற்றம். சாலையோர மரங்களில் பூச்சிமருந்து தெளித்திருக்கவும் கூடும். பழத்தை நன்கு கழுவிய பிறகே உண்ண வேண்டும்.