அவித்த நெல்

தஞ்சாவூர்ப் பக்கம் பச்சரிசி என்றால் பொங்கலுக்கும் படையலுக்கும்தான். அன்றாடச் சோறு பெரும்பாலும் புழுங்கல். நெல்லை ஊறப்போட்டு, அண்டாவில் அவித்து, களத்தில் காயவைத்து, அப்புறம்தான் குத்துவது. இன்று ரைஸ்மில் பாய்லர் செய்கிற இந்த வேலையை ஒரு காலத்தில் பெண்கள் அடுப்புப் புகையில் நின்று செய்தார்கள். மருத்துவ வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அது தெரியவந்தது மலாயாவில்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழ்க் கூலிகள் பினாங்கில் இறங்கித் தோட்டங்களுக்குப் போனார்கள். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள். சீனர்கள் பெரிபெரி நோயில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். தமிழர்களிடம் அந்த நோய் அரிது. இத்தனைக்கும் இரண்டு பேருமே சோறு தின்கிறவர்கள். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல். பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைக் கவனித்து 1907-ல் புத்தகமே எழுதினார்.

அதே ஆண்டு வில்லியம் ஃபிளெட்சர் தன் சோதனையை வெளியிட்டார். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணி, ஒற்றைப்படை ஆட்களை ஒரு பக்கம், இரட்டைப்படை ஆட்களை இன்னொரு பக்கம் பிரித்தார். ஒரு பக்கத்துக்குப் பச்சரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கல். பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் நோய் இருந்தது இரண்டே பேருக்கு, அவர்களும் வரும்போதே அதோடு வந்தவர்கள். யாரிடமும் சம்மதம் கேட்காத சோதனை. படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

ஏன் இப்படி என்பதற்குப் பதில் கிடைக்க இன்னும் முப்பது வருஷம் ஆனது. நொதி என்பது ஒரு புரதம். அமினோ அமிலங்களின் நீண்ட சங்கிலி மடிந்து சுருண்டு தனக்குள் ஒரு குழியை அமைத்துக்கொள்கிறது. அந்தக் குழியில் பொருந்தும் மூலக்கூறுதான் மாற்றமடையும். சில நொதிகளுக்குப் புரதம் மட்டும் பத்தாது, ஒரு சின்னத் துணைப்பொருளும் வேண்டும். கோட் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு லைப்ரரி இல்லாமல் புரோகிராம் ஓடாதே, அந்த மாதிரி. சோற்றிலிருக்கும் மாவுச்சத்து குளுக்கோஸாகி, குளுக்கோஸ் பைருவேட் ஆகிறது. அதை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் நொதிக்கு வேண்டிய துணைப்பொருள் தயாமின் என்ற பி1 வைட்டமினிலிருந்து வருகிறது. அது இல்லாவிட்டால் பைருவேட் தேங்கும், நரம்பும் இதயமும் தடுமாறும். ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் புறா மூளைகளில் இந்தத் தேக்கத்தைக் கண்டார். 1937-ல் லோமனும் ஷூஸ்டரும் துணைப்பொருளின் வடிவத்தைச் சொன்னார்கள்: இரண்டு பாஸ்பேட் ஒட்டிய தயாமின். இதில் ஒரு கொடுமை உண்டு. சோறு கூடக்கூட தயாமின் தேவையும் கூடும். வெறும் சோற்றால் வயிறு நிரப்பும் ஏழைக்குத்தான் அடி அதிகம்.

தயாமின் இருப்பது தவிட்டிலும் முளையிலும். பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். நெல்லாகவே ஊறவைத்து அவிக்கும்போது அது நீரில் கரைந்து அரிசிக்குள் இறங்குகிறது, இளகி இறுகும் மாவுச்சத்து அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் தீட்டினாலும் பெரும்பங்கு தங்கும்.

குன்னூரில் 1918-ல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசனும் இந்தக் கோட்டில்தான் வந்து சேர்ந்தார். ஒரே சென்னை மாகாணம்தான், ஆனால் நோய் வாட்டியது மில் பச்சரிசி தின்ற வடசர்க்கார் கடலோரத்தை. புழுங்கல் தின்ற தமிழ் மாவட்டங்கள் தப்பித்தன. அந்த ஆய்வகம்தான் பிறகு ஹைதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

'பாத்தீங்களா, நம்ம முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க'ன்னு இதை ஃபார்வர்ட் செய்ய ஆள் இருக்கும். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவித்த நெல் குத்தும்போது அதிகம் நொறுங்காது, அரிசி நாள்பட நிற்கும். அண்டாவுக்கு அடியில் தீ மூட்ட இந்தக் காரணமே போதும். தயாமின் கூடவே வந்தது.

அதே ஆவி இன்னொரு நொதியை முடக்கவும் செய்கிறது. தவிட்டில் லிப்பேஸ் இருக்கிறது. பச்சை நெல்லைத் தீட்டியதுமே அது தவிட்டு எண்ணெயை உடைக்கத் தொடங்கும், சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். சூட்டில் லிப்பேஸின் மடிப்பு குலைந்துபோனால் தவிடு தாங்கும். தவிட்டெண்ணெய் ஆலைக்காரர்கள் புழுங்கல் தவிட்டை விரும்பி வாங்குவது அதனால்தான்.