1957-க்குப் பிறகும் ஜுரு இருக்கிறது

மலேசியத் தமிழர் வரலாறு பற்றி இடுபணி எழுதச் சொன்னால், நம் கல்லூரிப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு போடும் கால எல்லை ஒன்று உண்டு: 1786 முதல் 1957 வரை. கெர்னியல் சிங் சாண்டு 1969-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் உள்ள ஆண்டுகள் அவை. பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியதிலிருந்து மெர்டேக்கா வரை மலாயா முழுவதும் நடந்த இந்தியர் குடியேற்றத்தை அவர் எழுதினார்; அவருக்கு அந்த எல்லை சரி. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் உள்ள ஜுருவைப் பற்றி ஆய்வு முன்மொழிவு எழுதுகிறவருக்கு அது ஒத்துவராது. நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். வரைவோடு வரும் பிள்ளைகளின் தாளில் முதலில் அடிப்பது அந்த ஆண்டுகளைத்தான்.

மெர்டேக்காவுக்கு முந்திய கதை எழுதப்பட்டுவிட்டது. 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற, ஜுரு இருக்கும் இந்தக் கரைப்பட்டைக்கு அப்போது வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயர். 1840-களில் வெள்ளைக்காரர்கள் கரும்புத் தோட்டம் போட்டார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கூலிகள் வந்தார்கள். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது, 1938-இல் கங்காணி வழி ஆள் சேர்ப்பும் நின்றது. இதற்கெல்லாம் அறிக்கை இருக்கிறது. துரைக்கும் அரசாங்கத்துக்கும் தலைக்கணக்கு தேவைப்பட்டது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் ஓடினார்கள் என்று எழுதிவைத்தார்கள். அந்த ஏடுகளை மட்டும் நம்பி உட்கார்ந்தால் நம் பிள்ளைகளும் துரை கேட்ட கேள்வியையே கேட்கிறார்கள்.

ஜுரு தலைகீழாக மாறியது மெர்டேக்காவுக்கு அப்புறம்தான். 1968-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் என்று சட்டம் வந்தது, சிவப்பு ஐ.சி. வைத்திருந்த தோட்டக் குடும்பங்கள் பல ஊருக்கே கப்பலேறின. 1970-களில் பிறை தொழிற்பேட்டை வளர, ஜுரு ஆறு கறுத்தது. கோலா ஜுரு மீனவர்களின் பிழைப்பு கெட்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்கள் வழக்கைக் கையிலெடுத்து எழுதியது. அவர்கள் மட்டி வளர்ப்பில் இறங்கியதும் பதிவாகியிருக்கிறது. எழுத ஒருவர் இருந்ததால் அவர்கள் கதை ஏட்டில் ஏறியது. அதே ஆண்டுகளில் தோட்டத்தை விட்டு பேக்டரி பஸ் ஏறிய தமிழ்ப் பெண்களுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை என்பது என் ஆதங்கம்.

‘ஜுரு தமிழர் வரலாறு’ என்று நாடளவு தலைப்போடு வந்தாள் ஒரு மாணவி.

“எந்தச் சான்றை வெச்சும்மா எழுதப் போற?”

“பாட்டி இருக்காங்க சார். பால் வெட்டுனவங்க. அப்புறம் பேக்டரிக்குப் போனாங்க.”

தலைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது. தோட்ட வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். அதனால் தாத்தா வெட்டுக்காட்டிலேயே இருந்துகொண்டார். வீடு தங்கியது, பாட்டி மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனார். ஒரு குடும்பத்தில் யார் தோட்டத்தில் நின்றார், யார் வெளியேறினார், இதை யார் முடிவு செய்தார்? ஆய்வு வினா என்றால் இதுதான். ‘தமிழர்களின் நிலை என்ன’ என்பது மேடைப் பேச்சுக்குத்தான் உதவும்.

அடுத்த சிக்கல் ஆண்டு. வயதானவர்கள் ஆண்டு சொல்ல மாட்டார்கள். “பெர்மிட் காலம்”, “மே பதிமூணு கலவரம்”, “பாலம் தொறந்த வருசம்” என்பார்கள். பெர்மிட் என்றால் 1968-க்குப் பின், கலவரம் 1969, பினாங்கு பாலம் 1985. இந்த முளைகளை நட்டுவிட்டு, அதற்கு முன்னா பின்னா என்று கேட்கும்படி பேட்டி வினாக்களை அமைக்கச் சொன்னேன். முறையியல் என்று அரைப் பக்கத்துக்குக் கலைச்சொல் அடுக்குவதைவிட இந்த ஒரு பத்தி கனமானது.

விரிவுரையாளர் வரைவைப் பார்த்துவிட்டு, நினைவை மட்டும் நம்பலாமா என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. பாட்டியின் தகரப் பெட்டியில் பழைய இ.பி.எப். அறிக்கைகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். 1951-இல் தொடங்கிய சேமநிதி அது. சந்தா எந்த ஆண்டு ஏறியது, எந்த ஆண்டு நின்றது என்பதை அது காட்டிக்கொடுக்கும். சில தாள்கள் கிடைத்தன. முதன்மைச் சான்றுகள் என்ற தலைப்பின்கீழ் அவற்றைச் சேர்த்து, காலம் 1970–1985 என்று திருத்தி, முன்மொழிவைத் திரும்பக் கொடுத்திருக்கிறாள்.